சனிக்கிழமைக் கோளாறு

"மறுபடியும் வந்துட்டீங்களா சார்? போன சனிக்கிழமைதானே வந்துட்டுப் போனீங்க!"

பட்டறை வாசலில் வந்து நின்ற பழைய கறுப்பு ஜெர்மன் காரைப் பார்த்ததும் மெக்கானிக்கின் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். காரிலிருந்து இறங்கியவர் ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் எல்லோருக்கும் ஹெட்மாஸ்டர்தான். இப்போது மட்டும் வீட்டுப்பாடம் செய்யாத பையனைப் போல நெளிந்தார்.

"வைப்பர் ஆடுதும்மா. தம்பி கொஞ்சம் பார்த்தா..."

"போன வாரம் நம்பர் பிளேட். அதுக்கு முந்தி பேட்டரி. அதுக்கும் முந்தி ஸ்டெப்னி உருளுதுன்னீங்க. பெரிய ஜெர்மன் கார்! இரும்புக் கடையில போட வேண்டியதை வெச்சுக்கிட்டு ஏன் சார் எங்க உயிரை வாங்குறீங்க? இவருக்குப் பக்கவாதம் வந்து நாலு மாசம்தான் ஆகுது. வலது கை சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேங்குது. டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தைக்கூட அமுக்க மாட்டேன்னு அடம்."

"நான் என்ன குழந்தையா, பந்து வெச்சு விளையாட?" உள்ளே பெஞ்சில் இருந்த மெக்கானிக் சீறினார். "திங்கட்கிழமை விலை பேச ஆள் வர்றாங்க. பட்டறையை அவங்ககிட்ட விட்டுட்டு மூலையில உட்காரப் போறேன். என்னை என்ன வேணா சொல்லிக்கோ. வண்டியைச் சொல்லாதே!"

காலை இழுத்து இழுத்துக் காரருகே வந்தார். இடது கையால் அதன் கதவைத் தடவினார்.

"இங்கேயே நான் சுருண்டு விழுந்தப்ப, சர்வீஸுக்கு வந்த இந்த வண்டியிலதானே நம்ம சார் என்னைத் தூக்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாரு? வாய்தான் கோணிச்சு, காது நல்லாத்தான் கேட்டுச்சு. ஆறு சிலிண்டரும் சண்டை சச்சரவு இல்லாம ஓடுச்சு. அந்த ரோட்டுல எத்தனை குழி! ஒண்ணாவது என் முதுகுக்குத் தெரிஞ்சதா? பின்சக்கரம் ஒவ்வொண்ணுக்கும் அஞ்சஞ்சு கம்பி கொடுத்துத் தாங்கியிருக்கான் ஜெர்மன்காரன். சக்கரம் குழியில இறங்கும், சீட்டுல இருக்கறவன் இறங்க மாட்டான். பத்து நிமிஷம் லேட்டாயிருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னாரே, மறந்துட்டியா?"

"அன்னைக்குக் காலையில நீதானே தம்பி டியூன் பண்ணினே?" என்றார் ஹெட்மாஸ்டர். "நீ பார்த்த வண்டிதான் உன்னைக் கொண்டு போச்சு. நான் சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டிருந்தேன்."

மெக்கானிக் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வைப்பரின் மூடியை நெம்பினார். உள்ளே நட்டு தளர்ந்து கிடந்தது. புருவம் சுருங்கியது.

"இது தானாக் கழலாதே சார். பதினெட்டு வருஷமா என் கையைத் தவிர இந்த வண்டியில வேற கை பட்டதில்லை. யாராவது தொட்டாங்களா?"

ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "வண்டிக்கும் வயசாயிடுச்சில்ல..."

"வயசானா பல்லே கழலுது, நட்டு கழலாதா?" என்று மனைவி குறுக்கே விழுந்தாள். சுடச்சுட டீ கிளாஸைக் கணவனின் இடது கையில் திணித்தாள். "இதைக் குடிச்சிட்டு அவரை வேற பட்டறைக்கு அனுப்புங்க. இது உங்களால ஆகாது."

"ஆகாதா? பதிமூணாம் நம்பர் ஸ்பானரை எடு! ஆமா, ரெண்டு இருந்துச்சே, இன்னொண்ணு எங்கே?"

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்."

டீயை எங்கே வைப்பது? அந்தக் காரின் மேல் கிளாஸ் வைக்கும் ஜாதி இல்லை அவர். மனைவியோ கிளாஸை வாங்கிக்கொள்ளாமல், ஸ்பானரை நீட்டியபடி எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு வழியின்றி வலது கை மெல்ல எழுந்தது. ஸ்பானரைப் பிடித்தது. அது நழுவி முன்கண்ணாடி ஓரத்தில் விழுந்தது.

எடுத்துக் கொடுக்கக் குனிந்தார் ஹெட்மாஸ்டர்.

"விடுங்க சார். போட்டவரே எடுக்கட்டும்."

கல்நெஞ்சக்காரி என்று யாராவது நினைத்திருந்தால் தப்பில்லை. மெக்கானிக் பல்லைக் கடித்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுங்கி நடுங்கி ஸ்பானரைக் கவ்வின. கால் சுற்று. அரைச் சுற்று. நெற்றியில் வியர்வை வழிய, நட்டு இறுகியது.

"தண்ணியை அடிச்சு சுவிட்சைப் போடுங்க சார்!"

அந்த ஒற்றை வைப்பர் மூலைக்குப் போகும்போது கையை நீட்டியது, நடுவில் வரும்போது மடக்கிக்கொண்டது. ஒரு மூலை விடாமல் துடைத்தது.

"பார்த்தியா? மத்த வண்டியில ரெண்டு செய்யற வேலையை இது ஒத்தைக் கையால செய்யுது!" சொல்லும்போதே மெக்கானிக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கைதான் இறுக்கிச்சு. திங்கட்கிழமை யாரும் வர வேண்டாம்னு சொல்லிடு. சார், உங்க வண்டிக்குக் கோடி கும்பிடு. இது வாராவாரம் படுத்தலேன்னா நான் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்தே இருக்க மாட்டேன்."

"போதும், வண்டியைக் கொஞ்சினது. கிளம்புங்க சார், நான் கேட்டைச் சாத்தணும்." அவள் காருக்குப் பின்னாலேயே விரட்டாத குறையாக நடந்தாள்.

கேட்டைத் தாண்டியதும் கார் நின்றது. ஹெட்மாஸ்டர் கண்ணாடியை இறக்கி, இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பதிமூணாம் நம்பர் ஸ்பானரை எடுத்து நீட்டினார். அவள் பட்டறைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அதை வாங்கி ஒளித்துக்கொண்டாள்; கண்ணைத் துடைத்தபடி ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவரை அவர் கையில் வைத்தாள்.

"இந்த உதவியை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேண்ணே. அடுத்த சனிக்கிழமைக்கு இன்னும் சின்ன ஸ்க்ரூவாப் பார்த்துக் கழட்டிட்டு வாங்க, மோதிர விரல் இன்னும் மடங்கலை."