பழசா ஒரு ஜோடி

"பழசா ஒரு ஜோடி பட்டன் டயர் கிடைக்குமா மாமா?"

டயர்க்காரர் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த டியூபிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"யாருக்கு யாருடா மாமா? அண்ணேன்னு கூப்பிடு."

"சரிண்ணே."

வாசலில் பூங்காவின் குட்டி டிராக்டர் நின்றது. ஓட்டி வந்தவன் இறங்குமுன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். டயர்க்காரருடைய மகளும் அதே பூங்காவில்தான் வேலை செய்கிறாள். அவள் மண் இழுக்கும் வண்டி, இவன் புல் வெட்டும் வண்டி. சாயங்காலங்களில் அவளைத் தெருமுனைவரை கொண்டுவந்து விடுகிறான் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்தே அவருக்கு இவனைப் பிடிக்காது.

எழுந்து போய்ப் பின்சக்கரத்தைத் தடவிப் பார்த்தார்.

"தேயவே இல்லையே. எதுக்கு மாத்துற?"

"வழுக்குதுண்ணே."

"சமதரையிலயா? புல்லு வெட்டுற வண்டிக்கு இந்த மொழுமொழு டயர்தான் சரி. அகலமா உக்காரும், புல்லு நோகாது. அம்பு அம்பா மேடு வச்ச பட்டன் டயர் சேத்துக்கும் மேட்டுக்கும். புல்லு மேல ஏத்தினா வேரோட பேத்துடும்."

"தெரியும்ணே."

"தெரிஞ்சும் கேக்குற. சரி, புதுசாவே வாங்கிக்கோ. பழசு எதுக்கு?"

"பழசே போதும்ணே. சேறு ஒட்டியிருந்தாலும் பரவாயில்ல. கழுவ வேணாம்."

டயரைக் கழுவாமல் கொடு என்று கேட்ட முதல் ஆள் இவன்தான்.

டயர்க்காரருக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்தது. நேற்று மழை விட்ட பிறகு யாரோ பூங்காவில் புதிதாகப் பதித்த புல்தரையின் குறுக்கே டிராக்டரை ஓட்டி நாசமாக்கியிருந்தார்கள். இன்று சாயங்காலம் வண்டிகள் ஷெட்டுக்குத் திரும்பியதும் சூப்பர்வைசர் டயரைத் தடத்தோடு ஒத்துப் பார்ப்பாராம். சிக்குகிறவருக்கு வேலை போய்விடும். மதியம் வீட்டுக்கு வந்த மகள் இவ்வளவுதான் சொன்னாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அங்கே வண்டி ஓட்டுவது இரண்டே பேர். இவன் தப்பித்தால் பழி அவள் தலையில் விழும். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரம்கூட ஆகவில்லை.

"பூங்காவுல ஏதோ நடந்துடுச்சாமே?"

"ஆமாண்ணே."

"யாரு வேலை அது?"

"தெரியலண்ணே." ஜாக்கியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எலி அம்மணமா ஓடினா சும்மா ஓடாதுன்னு சொல்லுவாங்க."

"எந்த எலிண்ணே?"

"பொதுவாச் சொன்னேன்."

மூலையில் கிடந்த பழைய ஜோடி ஒன்றை உருட்டி வந்தார். அவன் குந்தி உட்கார்ந்து, பட்டனுக்கும் பட்டனுக்கும் இடையே விரலை வைத்து அளந்தான்.

"இது இல்லண்ணே. இன்னும் நெருக்கமா இருக்கும்ல, அது."

"டயர் வாங்க வந்தியா, பொண்ணு பார்க்க வந்தியா?"

கேட்ட பிறகுதான், கேட்டிருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது. அவன் காது சிவந்தது.

அடுத்த ஜோடி அவனுக்குச் சரியாக இருந்தது. இருவருமாகச் சக்கரங்களைக் கழற்றி டயரை மாற்றினார்கள். சொல்லாமலே ஸ்பானரை எடுத்து நீட்டினான். வேலை தெரிந்தவன்தான். திருட்டு வேலையும் தெரிந்திருக்கும்.

"அண்ணே, ஒரு உதவி. யாராவது கேட்டா இது போன வாரமே மாட்டினதுன்னு சொல்லுங்க."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன். டயர்க்காரர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"ஏன் அப்படிச் சொல்லணும்?"

"காரணம் இருக்குண்ணே. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"சொல்ல வேணாம். நீ நட்டை இறுக்கு. நான் வால்வு மூடி எடுத்துட்டு வரேன்."

உள்ளே போய்ப் போனை எடுத்தார். மகளுக்கு வேலை கேட்டு அலைந்த நாளிலிருந்தே சூப்பர்வைசரின் எண் அதில் இருந்தது.

"சார், நீங்க தேடுற ஆள் என் கடையிலதான் நிக்குறான். சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க வேணாம்."

பூங்கா அடுத்த தெருதான். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்குவதற்குள் சூப்பர்வைசரின் பைக் வந்து நின்றது. அவன் முகம் வெளுத்தது. டயர்க்காரருக்கு அதுவே போதுமாக இருந்தது.

கழற்றிப் போட்ட டயர்களைக் காலால் முன்னே தள்ளினார்.

"இவன் வண்டியில இருந்தது சார். தடத்தோட ஒத்துப் பாருங்க."

சூப்பர்வைசர் குனிந்தார். உடனே நிமிர்ந்தார்.

"என்னய்யா, மொழுமொழுன்னு இருக்கு? தடம் இப்படி இல்லையே."

போனில் இருந்த படத்தை நீட்டினார். ஈரப் புல்தரையில் இரண்டு வரிசை. அம்பு முனைபோல் ஒன்றன்பின் ஒன்றாக, புல் வேரோடு பெயர்ந்து கிடந்தது.

நெருக்கமான பட்டன். போன மாதம் மகள் மண் இழுக்கும் வண்டியைக் கொண்டுவந்தபோது அவரே பொறுக்கியெடுத்து மாட்டிக் கொடுத்தது.

போனைத் திருப்பிக் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

"என் வண்டிதான் சார் புல்லு மேல போச்சு." அவன் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். "அதைப் போன வாரமே கழட்டிட்டு இந்தப் பட்டன் டயரை மாட்டிட்டேன். வேணும்னா மாமாவைக் கேளுங்க."

சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார்.

"போன வாரம்தான் சார்" என்றார் மாமா.