மாமியார் ஏறிய மலை

தேநீர் ஆறிவிடக் கூடாதே என்று கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஓடிவந்தான் நில்டன். வருங்கால மாமியார் கூடார வாசலில் உட்கார்ந்தபடி ஒரு வாய் குடித்துப் பார்த்து, சர்க்கரை போதாது என்றாள். அவன் திரும்பவும் ஓடினான்.

ஹுவாராஸ் என்ற மலையூரில் பன்னிரண்டு வருடமாக மலை வழிகாட்டி அவன். ஆறு பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய அன்று காலையில்தான் அவன் காதலி தலியாவிடமிருந்து செய்தி வந்தது. "எங்க வீட்டுலேருந்து உன் குழுவுல வர்றாங்க. பேரை மாத்திக்கிட்டு. உன்னை எடைபோடத்தான். தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத." யார் என்று கேட்பதற்குள் வண்டி பள்ளத்தாக்குக்குள் நுழைந்து சிக்னல் போய்விட்டது.

கேட்க என்ன இருக்கிறது? தலைநகர் லீமாவில் இருக்கும் அந்தக் குடும்பத்தில் ஒருவரையும் அவன் பார்த்ததில்லை. ஆனால் கயிற்றில் தொங்கிப் பிழைக்கிறவனுக்குப் பெண்ணைத் தர முடியாது என்று ஒற்றைக்காலில் நிற்பது தலியாவின் அம்மாதான். குழுவில் அந்த வயதில் இருந்தவள் எல்விரா ஒருத்தி. அவளும் முதல் நாளே குடிப்பாயா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் துருவ ஆரம்பித்துவிட்டாள்.

அதனால் எல்விராவின் பை அவன் முதுகுக்கு ஏறியது. காற்று படாத இடம் அவள் கூடாரத்துக்குப் போனது. சூப்பில் மிதந்த பெரிய கோழித்துண்டு எப்படியோ அவள் கிண்ணத்தில்தான் விழுந்தது.

இதற்கெல்லாம் விலை கொடுத்தவர் அதே குழுவில் வந்த ஓராசியோ. அறுபதைத் தொட்ட, நல்ல உடல்வாகுள்ள மனிதர். தனக்கும் சூடாக ஒரு வாய் கிடைக்குமா என்று அவர் கேட்கும்போதெல்லாம் அடுப்பு அணைந்திருந்தது. அவரோ வறுத்த சோளத்தைக் கொறித்துக்கொண்டு, நடப்பதையெல்லாம் வேடிக்கை பார்த்தபடி வந்தார்.

இரண்டாம் நாள் அவனோடு சேர்ந்து நடக்கும்போது, "தம்பி, கடைவாய்ப் பல்லு இப்ப தேவலையா?" என்று கேட்டார். ஒரு பக்கமாகவே மெல்லுவதைப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு, தேவலை என்று சொல்லிவிட்டு, எல்விராவுக்குக் கைகொடுக்க முன்னால் ஓடினான் நில்டன்.

மூன்றாம் நாள் பாறை. உச்சிக்குக் கீழே செங்குத்தாக நாற்பது மீட்டர். நான்கு பேர் ஏறிவிட்டார்கள். கூட்டாளி எவுசேபியோ மேலே உட்கார்ந்து கயிறுகளைப் பிடித்திருந்தான். எல்விராவைப் பாதி உயரத்தில் இருந்த திட்டுக்குக் கொண்டுவந்து, பாறையில் கொக்கி போட்டு நிறுத்தினான் நில்டன். அந்த நேரம் பார்த்து ஆலங்கட்டி கொட்டத் தொடங்கியது.

கீழேயிருந்து ஓராசியோவின் குரல் வந்தது. பாறை வெடிப்பில் அவருடைய கால் மாட்டிக்கொண்டுவிட்டது. விரல்கள் மரத்துப்போகின்றன என்றார். நில்டன் கீழே எட்டிப் பார்த்தான். கை நழுவினால் கயிறு ஆளைத் தாங்கும். காலைத் தாங்காது, எலும்பு முறியும்.

"அந்த ஆளை மேல இருக்கறவன் பாத்துக்கட்டும். முதல்ல என்னைக் கூட்டிட்டுப் போ" என்றாள் எல்விரா. அவன் தயங்குவதைப் பார்த்து, தானே ஏறிக்கொள்வதாகச் சொல்லிக் கொக்கியைக் கழற்றப் போனாள்.

ஒரு நொடி தலியாவின் முகம் வந்து போனது. அடுத்த நொடி, தன் கோவேறு கழுதையிடம் பேசும் குரலில் பேசினான் நில்டன்.

"கொக்கியிலேருந்து கையை எடுங்க. வாயை மூடிக்கிட்டு உக்காருங்க. நான் வர்ற வரைக்கும் அசையக் கூடாது."

பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். உட்கார்ந்துவிட்டாள்.

கயிற்றில் இறங்கிப் போய், கத்தியால் காலணியின் நாடாவை அறுத்தான். காலை மெல்ல உருவி எடுத்து, தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி அந்தப் பாதத்தில் மாட்டினான். பிறகு காலணியை ஆட்டி ஆட்டி வெளியே எடுத்தான். "என் தோள்ல மிதிங்கய்யா, பரவாயில்ல" என்று சொல்லிச் சொல்லியே அவரைத் திட்டுவரைக்கும் ஏற்றினான். அரை மணி நேரத்தில் எல்லோரும் உச்சியில் இருந்தார்கள்.

எல்விரா அவனைக் கூப்பிட்டு, நடந்ததை எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே சொல்லப் போவதாகச் சொல்லிவிட்டு, எவுசேபியோவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நில்டனுக்குப் புரிந்துவிட்டது. ஆலங்கட்டி நின்று, எதிரே பனிமலை முழுக்க வெயிலில் வந்து நின்றது. அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அறுந்த நாடாவை முடிச்சுப்போட்டுக் கட்டிக்கொண்டு, நொண்டியபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் ஓராசியோ. ஏன் இப்படி முகம் தொங்கிப்போச்சு என்று கேட்டார். யாரிடமாவது சொன்னால் தேவலை என்று இருந்தது நில்டனுக்கு. பெண்ணின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, செய்தி வந்ததிலிருந்து கோழித்துண்டு வரை எல்லாவற்றையும் சொன்னான். உங்களைச் சரியாகக் கவனிக்காததற்கும் அதுதான் காரணம், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றான்.

"அவ்வளவு பாடுபட்டேன். கடைசியில பொண்ணோட அம்மாவையே வாயை மூடுன்னு சொல்லிட்டேன். இனிமே எங்க கல்யாணம்?"

ஓராசியோ எல்விராவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், பையிலிருந்த சோளத்தை அள்ளி அவன் கையில் வைத்தார்.

"தலியாவோட அம்மாவுக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுத்தும், மாப்ள."