சுவருக்குள் ஒரு பெட்டி

சிக்னே சுவர்ப் பலகையைச் சதுரமாக அறுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற அப்பா ஆரினுக்கு, ரம்பத்தின் ஒவ்வோர் இழுப்பும் தன் மேலேயே விழுவதுபோல் இருந்தது.

மகள் உரிமம் வாங்கிய எலக்ட்ரீஷியன். டுலூத் நகரத்தில் அவள் கை படாத தெரு இல்லை.

இது அவள் சிறுவயதில் தூங்கிய அறை. இனி அவள் மகள், ஐந்து வயது டில்டா, தூங்கப்போகிற அறை. விளக்கு ஏன் விட்டுவிட்டு எரிகிறது என்று பார்க்க வந்தவள், கம்பியின் தடம் பிடிக்கிற கருவியோடு நேரே அந்த இடத்தில் போய் நின்றுவிட்டாள்.

காப்பி வேண்டுமா என்று ஆரின் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். மூன்றாம் முறை கேட்க வெட்கமாக இருந்தது.

பலகை கழன்று வந்தது. உள்ளே சாம்பல் நிறத் தகரப் பெட்டி.

முப்பது வருஷத்துக்கு முன்பு வீட்டின் மின்பெட்டி இந்தச் சுவரில்தான் இருந்தது. ஒரு சனி ஞாயிறில் ஆரின் தன் கையாலேயே அதை நிலவறைக்கு மாற்றினார். பழைய கம்பிகள் அவ்வளவு தூரம் எட்டவில்லை. பழைய பெட்டியை இங்கேயே விட்டு, அதற்குள் கம்பிகளை ஒட்டுப்போட்டு நீட்டினார்.

அதில் தப்பில்லை, ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஒட்டு தளர்ந்தால் சூடேறும்; அதனால் மூடி மட்டும் வெளியே தெரிய வேண்டும், எப்போதும் திறக்க வர வேண்டும்.

ஆரின் மூடியின் மேலேயே பலகை அடித்து, பூசி, மஞ்சள் பெயின்ட்டும் அடித்துவிட்டார். குழந்தையின் அறையில் தகரம் அசிங்கமாகத் தெரிந்தது. நகராட்சி மின் பரிசோதகர் வந்தால் நொட்டை சொல்வார் என்று அவரைக் கூப்பிடவில்லை. அக்கம்பக்கத்தார் பத்துப் பேரைக் கூட்டிவந்து, பெட்டி எங்கே இருந்தது, கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்று சவால் மட்டும் விட்டார். ஒருவராலும் முடியவில்லை.

சிக்னே திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தாள். ஒட்டுகள் எல்லாம் கரி. மூடியின் உள்பக்கம் புகை படிந்திருந்தது.

வேறு வீடாக இருந்தால் இந்நேரம் வேலை செய்தவனின் வம்சத்தையே இழுத்திருப்பாள். இப்போது மூடியை மெல்லத் தரையில் வைத்தாள்.

தரையில் அவளுடைய பழைய கட்டில் கால்களின் தடம் இன்னும் இருந்தது. தலைமாட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் தூரம். அதையும் அவள் குனிந்து பார்த்தாள்.

"விடுங்கப்பா. தெரிஞ்சா செஞ்சீங்க? தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சுவத்த ஒடச்சிருப்பீங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அறுத்த சதுரத்துக்குச் சற்று மேலே பெயின்ட் தேய்ந்து மங்கியிருந்தது. அங்கே உள்ளங்கையை வைத்தாள்.

"நான் படுத்ததும் தினம் வந்து இங்க கைய வெச்சுக்கிட்டு நிப்பீங்களே. அப்பா கை இருக்குன்னுதான் தூங்குவேன். டில்டாவுக்கும் இப்ப நான் அப்படித்தான் நிக்கறேன்."

ஆரின் தலையாட்டியிருக்கலாம். எல்லாம் அத்தோடு போயிருக்கும். பேத்தியின் பெயரைக் கேட்ட பிறகு அது முடியவில்லை.

"சுவரு சுடுதான்னு பாத்தேன், கண்ணு."

சிக்னே அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரில் வைத்திருந்த கையை மட்டும் மெதுவாக எடுத்துக்கொண்டாள்.