திரும்பி வராதவர்கள்

மேலாளர் கலையரசன் சால்வையைப் போர்த்த, சென்னையிலிருந்து வந்திருந்த இன்சூரன்ஸ் அதிகாரி கழுத்தை வாகாக நீட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரி ஊழியர்கள் கைதட்டினார்கள்.

“டிஸ்சார்ஜ் ஆனவங்க முப்பது நாளுக்குள்ள திரும்பி வந்து படுத்ததா ஒரு கேஸ் கூட இல்ல சார். ஒரு வருஷமா!”

பின்னாலிருந்த பேனரும் அதையே சொன்னது, கலையரசனின் படத்துக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில்.

“எப்படிங்க சாதிச்சீங்க?”

“வீட்டுக்குப் போனப்புறமும் விட மாட்டோம் சார். போன் பண்ணி மாத்திரை போட்டாங்களா, கால் வீங்குதான்னு விசாரிப்போம்.”

யார் விசாரிக்கிறார்கள் என்று அதிகாரி கேட்கவில்லை. முந்திரி பக்கோடா சூடாக இருந்தது.

அந்த நேரத்தில் மரக்காணம் உப்பளத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. மூச்சுத் திணற இறங்கிய கணவனை அஞ்சம்மாள் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளத்தன.

கலையரசனே ஓடிப்போய்ப் புதுச் சீட்டு எழுதினார். அஞ்சம்மாளிடம் குனிந்து ஏதோ சொன்னார். ‘என்ன அக்கறை!’ என்று அதிகாரி தலையாட்டினார்.

“பாவாடை! பாவாடை கூட வந்தது யாரும்மா?”

நர்ஸ் மூன்று தரம் கத்திய பிறகுதான், எதிரிலேயே உட்கார்ந்திருந்த அஞ்சம்மாள் திடுக்கிட்டு எழுந்தாள்.

“புருஷன் பேரு கூட காதுல ஏறாதா? இதுங்கள வச்சுக்கிட்டுதான் சார் நாங்க மாரடிக்கிறோம்” என்று கலையரசன் சிரித்தார்.

அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த டாக்டர் விஜயலட்சுமி நாடி பார்த்தபடியே கேட்டாள்: “இதுக்கு முன்னாடி எங்கயாவது அட்மிட் ஆயிருக்காராம்மா?”

அஞ்சம்மாள் கலையரசனைப் பார்த்தாள். “இல்லீங்க.”

டாக்டர் எழுதிக் கொடுத்தாள். நர்ஸ் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து பிரித்தாள். அட்டையைக் கண்டதும் அஞ்சம்மாள் பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, இது வேணாங்க! போன தபா இதப் போட்டுத்தான் நாக்கு வீங்கிப் பேச்சு மூச்சில்லாம கெடந்தாரு.”

“போன தபாவா? எந்த ஆஸ்பத்திரியில?”

கலையரசன் தொண்டையைச் செருமினார். அஞ்சம்மாள் இந்த முறை அவர் பக்கம் திரும்பவில்லை. கணவனின் நீலம் பாரித்த உதட்டையே பார்த்தாள்.

“இங்கதாங்க, இருவது நாளைக்கு முன்னாடி. அப்ப இவுரு பேரு குப்புசாமி.”