எட்டாவது சோடி

தியத்தலாவை முகாமிலிருந்து ஞாயிறு ஆராதனைக்கு வரும் சிப்பாய்களுக்கு மத்தியானச் சாப்பாடு எப்போதும் குணமணி வீட்டில்தான். வாசலில் கழற்றிவைத்த சப்பாத்துகளை எண்ணித்தான் அவள் தட்டு வைப்பாள். அன்று எட்டுச் சோடி இருந்தது. எட்டுத் தட்டு வைத்தாள். உட்கார்ந்தவர்களோ ஏழு பேர்.

"மற்றவர் எங்கை தம்பி?"

ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

குணமணி கணவர் ஜெயரட்ணத்தைக் குசினிக்குள் கூப்பிட்டாள். "இஞ்சேருங்கோ, முகாமிலையிருந்து ஆரோ தப்பி வந்து எங்கடை வீட்டிலை ஒளிச்சிருக்கிறான் போலை. பிடிபட்டா எங்களைத்தான் கேப்பினம்."

ஜெயரட்ணம் கட்டிலுக்குக் கீழே பார்த்தார். விறகுக் கொட்டிலையும் விடவில்லை. ஒருவரும் இல்லை.

இருவரும் திரும்பி வந்தபோது, எட்டாவது தட்டுச் சோற்றை ஏழு பேரில் ஒருவனான சிலாபத்துக்காரன் கொஸ்மாஸ் வாழையிலையில் கட்டிக்கொண்டிருந்தான்.

"மன்னிக்கணும் அக்கா. பெர்சிக்குக் காய்ச்சல், முகாம் ஆஸ்பத்திரியில படுத்திருக்கான். அவனுக்கும் சாப்பாடு கேக்க வெக்கமா இருந்திச்சு. சப்பாத்தை எண்ணித்தானே நீங்க தட்டு வைக்கிறது. அதுதான் அவன் சப்பாத்தையும் தூக்கிக்கிட்டு வந்தோம்."

குணமணி இறைச்சிச் சட்டியை எடுத்து வந்தாள். இன்னும் இரண்டு இறைச்சித் துண்டை அந்த இலையில் வைத்தாள்.

அடுத்த ஞாயிறும் ஏழு பேர்தான் வந்தார்கள். வாசலில் பதினாறு சோடி சப்பாத்து இருந்தது.

"முழு முகாமுக்கும் காய்ச்சலோ தம்பி?" என்று கேட்டுக்கொண்டே குணமணி பெரிய பானையை அடுப்பில் ஏற்றினாள்.