துணிக்கடை வாசலில் மரப்பெண்

கடைத்தெருவில் ஒரு துணிக்கடை வாசலில், கைகூப்பியபடி ஒரு மரப்பெண் நின்றிருந்தாள். வருகிறவர்களை "வாங்க, வாங்க" என்று அழைப்பதற்காகவே அவளைச் செதுக்கி வைத்திருந்தார்கள். பிறகு கடை பெரிய கட்டடத்துக்கு மாறியது. "இந்தப் பழைய பொம்மை அங்க எதுக்கு? இங்கயே கிடக்கட்டும்" என்று முதலாளி அவளை விட்டுவிட்டுப் போனார். பூட்டிய கடையின் பக்கம் யாரும் வரவில்லை.

ஒரு மழைநாளில், தெருவெல்லாம் புகைபோல மங்கியிருந்தபோது, சினை ஆடு ஒன்று நடுங்கியபடி வந்து படிக்குக் கீழே தயங்கியது.

"வாங்க, வாங்க" என்றாள் மரப்பெண்.

ஆடு பின்னால் திரும்பிப் பார்த்தது. அங்கே வேறு யாரும் இல்லை.

"என்னையாம்மா கூப்பிடுறீங்க? நான் எதுவும் வாங்க வரலையே. எல்லாக் கடையிலயும் விரட்டிட்டாங்க."

"இங்க விக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. நனையாம படுக்க இடம் இருக்கு. மேல ஏறி வாங்க."

ஆடு படியேறி அவள் காலடியில் படுத்துக்கொண்டது. மழை தூங்குவதுபோல மெல்லப் பெய்துகொண்டே இருந்தது. அது ஓய்வதற்குள் குட்டி பிறந்துவிட்டது. தள்ளாடி எழுந்த குட்டி, பால் தேடி முதலில் மரப்பெண்ணின் முழங்காலைத்தான் முட்டியது.

"மெதுவா கண்ணு, தலை வலிக்கும்" என்றாள் அவள்.