ஏழாம் படுக்கையின் திரை

இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளும் ஒரே கம்ப்யூட்டருக்குள் சக்களத்திகளைப் போல இருந்தன. ஒன்று கண் விழித்தால் மற்றது கண்ணை மூடிக்கொண்டது.

புதியது ஒரு கான்ட்ராக்டர் அன்பளிப்பாகக் கொடுத்தது. கொடுத்தவர் பெயரைப் பொறித்துச் சுவரில் அறைந்திருந்த பித்தளைத் தகடு, கார்டைவிட நாலு மடங்கு பெரிது. பழையது கிடங்கில் தூசி தின்றுகொண்டிருந்ததை எடுத்துவந்து செருகியது. வேறு கம்பெனி, வேறு காலம். இதற்கான டிரைவர் மென்பொருளைப் போட்டால் அது செத்தது. அதற்கானதைப் போட்டால் இது.

ஒரு கார்டு நாலு மானிட்டரைத்தான் தாங்கும். சுவரிலோ எட்டு. இதய வார்டின் எட்டுப் படுக்கைகளுக்கு எட்டு.

பதினோரு மணிக்குத் துணை அமைச்சர் பக்தாதிலிருந்து வந்து ரிப்பன் வெட்டப்போகிறார். அவர் காலடியில் அறுப்பதற்காக வாசலில் கட்டிய ஆடு காலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் டெக்னீஷியன் மைதம், கண்காணிப்பு அறைத் தரையில் மல்லாந்து படுத்து கேபிள்களை மாற்றி மாற்றிச் செருகினான். ஒன்று முதல் நாலு வரை ஒளிர்ந்தன. ஐந்து முதல் எட்டு வரை இருட்டு.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே, தாழ்வாரத்தில், நஹ்லா நின்றிருந்தாள். ஏழாம் படுக்கை ஹாஜி ஜப்பாரின் மகள். விழாவை முன்னிட்டு நேற்று மதியத்திலிருந்தே உறவினர் ஒருவரையும் வார்டுக்குள் விடவில்லை.

“உஸ்தாத், அந்த ஏழாவது டிவி எப்ப எரியும்?” என்றாள் கதவிடுக்கு வழியாக. “அப்பா நெஞ்சு ஓடுறதக் கண்ணால பாத்துட்டேன்னா உங்கள தொந்தரவு பண்ணமாட்டேன்.”

“எரியும்மா. ரெண்டு கார்டுக்கும் சண்டை, அவ்வளவுதான்.”

“எங்க அண்ணனுங்களும் அப்படித்தான். ஒருத்தன் வந்தா இன்னொருத்தன் வரமாட்டான். அதான் நான் மட்டும் நிக்கிறேன்.”

ஆஸ்பத்திரி இயக்குநர் டாக்டர் நூரி வந்தார். புதுக் கோட்டின் கைப்பகுதியில் கம்பெனிச் சீட்டைப் பிரிக்காமல் விட்டிருந்தார். பிரித்துவிட்டால் அது இத்தாலியக் கோட்டு என்று யாருக்குத் தெரியும்?

“நாலு திரை இருட்டா இருந்தா நாலு பேரு செத்துட்டாங்கன்னுல்ல நெனப்பாங்க? நேத்து டெலிவிஷன்காரங்களுக்காகப் படம் புடிச்சியே, அதை ஓட்டு.”

நேற்றைய ஒத்திகையில், இருக்கிற நாலு திரையில் நாலு நாலு படுக்கையாக ஓட்டிப் படம் பிடித்திருந்தான்.

“டாக்டர், அது நேத்து ஓடுன நெஞ்சு.”

“நேத்து ஓடுனது இன்னிக்கு மட்டும் வேற மாதிரியா ஓடும்? படுக்கைக்குப் பக்கத்துல மெஷின் இருக்கு, நர்ஸு இருக்காங்க. சுவரு வர்றவங்களுக்கு.” போகிறவர் திரும்பினார். “முக்கியமா ஏழு தெரியணும். அந்தப் பொண்ணு விழா நேரத்துல அழுதுகிட்டு நிக்கக்கூடாது.”

இந்த மனிதருக்குள்ளும் ஒரு ஈரம் இருக்கிறதே என்று மைதம் வியந்துபோனான்.

பழைய கார்டைக் கழற்றி, கிடங்கிலிருந்த வேறொரு கம்ப்யூட்டர் பெட்டியில் பொருத்தினான். அந்தப் பெட்டிக்கும் எந்தப் படுக்கைக்கும் தொடர்பு கிடையாது. கடைசி நாலு திரைகளை அதில் இணைத்து நேற்றைய படத்தை ஓடவிட்டான்.

ஏழாவது திரையில் பச்சைக் கோடு எழுந்து விழுந்து எழுந்தது. நஹ்லா கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்தாள். மைதமால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விருந்தாளி போனதும் முதல் வேலையாக உண்மையான கோட்டைக் கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டான்.

ஆட்டின் கத்தல் நின்றது. துணை அமைச்சர் வந்தார், ரிப்பனை வெட்டினார், சுவரை அண்ணாந்து பார்த்தார்.

“இந்த ஏழாம் நம்பர் நெஞ்சு என்னோடத விட நல்லா ஓடுதே.”

எல்லோரும் அவரவர் பதவிக்கு ஏற்ற அளவு சிரித்தார்கள். நூரி கடைசியாக நிறுத்தினார். பிறகு கூட்டம் விருந்துக்கு நகர்ந்தது.

முதல் நாலைக் கழற்றிவிட்டு, கடைசி நாலு மானிட்டர்களின் கேபிளைப் புதிய கார்டுக்கு மாற்ற மைதம் குனிந்தான். வார்டிலிருந்து வந்த நர்ஸ் அனாஃப் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஏழ மட்டும் விட்ரு.”

“ஏன்? பாவம், அந்தப் பொண்ணு நேத்து நெஞ்சப் பாத்துகிட்டிருக்கு.”

“மாத்தி எதக் காட்டப்போற? சுபுஹுத் தொழுகைக்கு முன்னாலயே அவரக் கீழ பிணவறைக்குக் கொண்டுபோயாச்சு.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “விருந்து முடியட்டும், நானே சொல்றேன்னாரு டாக்டர். இறந்தது மதியம் ரெண்டு மணின்னு நேரம்கூட எழுதிட்டாரு.”

கண்ணாடிக்கு அப்பால் நஹ்லா பையிலிருந்து ரொட்டியை எடுத்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாக ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றபடியே இன்னொரு துண்டைத் தூக்கிக் காட்டி, சாப்பிட வரும்படி மைதமைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.